வர்ச்சுவல்பாக்ஸ் போட்டாச்சு, ஆனா மெஷின் ஸ்டார்ட் ஆகல, கெர்னல் டிரைவர் இல்லன்னு எரர் வருது

புதுவழி

வணக்கம் நண்பர்களே. என்கிட்ட இருக்கறது உபுண்டு 24.04 போட்ட லேப்டாப், 16 ஜிபி ராம், இன்டெல் பிராசஸர், டிஸ்க்ல 200 ஜிபி கிட்ட காலியா கிடக்கு. யூஎஸ்பில மாட்டுற ஒரு அளவுக்கருவிக்கு செட்டிங்ஸ் மாத்துற சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடுது, விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்லயே ஓட்டுற வைன்ல போட்டு பாத்தேன், சாஃப்ட்வேர் திறக்குது ஆனா கருவி மாட்டினதே அதுக்கு தெரியல. இந்த ஒரு வேலைக்காக டிஸ்க்க பிரிச்சு ரெண்டு ஓஎஸ் வெக்கற டூயல் பூட் போட மனசு வரல, அதனால உபுண்டுக்குள்ளயே ஓடுற போலி கம்ப்யூட்டரான வர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் 11 போட்டுக்கலாம்னு வர்ச்சுவல்பாக்ஸ் சைட்லேயே டெப் ஃபைல் எடுத்து இன்ஸ்டால் பண்ணேன், இன்ஸ்டால் நல்லாதான் முடிஞ்சுது, மெஷின் கிரியேட் பண்ணி ஸ்டார்ட் குடுத்தா கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு, ஆர்சி மைனஸ் 1908னு ஒரு பெட்டி வருது. அதுல சொன்ன மாதிரி விபாக்ஸ்கான்ஃபிக் கமாண்ட சூடோ போட்டு ஓட்டினேன், கெர்னல் மாட்யூல்ஸ சைன் பண்ணணும்னு ஏதோ சொல்லிட்டு நின்னுடுது. தேடி பாத்தா பாதி பேரு, கையெழுத்து இல்லாதத பூட்ல தடுக்கற செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணுன்னு சொல்றாங்க, மீதி பேரு வர்ச்சுவல்பாக்ஸ தூக்கிட்டு லினக்ஸோட சொந்த வர்ச்சுவல் மெஷின் வசதியான கேவிஎம் போடுன்னு சொல்றாங்க. எதை செய்யறது? யூஎஸ்பி கருவி உள்ள வேலை செய்யணும், அதுதான் எனக்கு முக்கியம்.

கடகடவண்டி

பயாஸ்ல போய் செக்யூர் பூட் ஆஃப் பண்ணுங்க ப்ரோ, திரும்ப வந்து விபாக்ஸ்கான்ஃபிக் ஓட்டுங்க, வேலை முடிஞ்சுது. நான் எப்பவும் அப்படித்தான் வெச்சிருக்கேன், ஒரு பிரச்சனையும் இல்ல.

அடுக்குமொழி

கடகடவண்டி சொன்னா வேலை செய்யும், அதுல சந்தேகமில்ல. ஆனா ஒரு சாஃப்ட்வேருக்காக மெஷினோட பாதுகாப்ப முழுசா கழட்டி வெக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கோங்க புதுவழி, புரிஞ்சா சரி பண்றது பத்து நிமிஷ வேலை.

வர்ச்சுவல்பாக்ஸ் சாதாரண ஆப் மாதிரி தெரியும், ஆனா அதோட உயிர் கெர்னலுக்குள்ள (உபுண்டுவோட மையப்பகுதி) ஓடுற மாட்யூல்ஸ்ல (கெர்னல்ல சேர்ற சின்ன துண்டுகள்) இருக்கு, விபாக்ஸ்டிஆர்வி, விபாக்ஸ்நெட்எஃப்எல்டி, விபாக்ஸ்நெட்ஏடிபின்னு மூணு. இது மூணும் உபுண்டுவோட கெர்னல் கூட வர்றதில்ல, உங்க மெஷின்லயே உங்க கெர்னலுக்கு ஏத்த மாதிரி கம்பைல் ஆகணும். செக்யூர் பூட் ஆன்ல இருந்தா உபுண்டு கெர்னல் என்ன பண்ணும்னா, தனக்கு தெரிஞ்ச சாவியால கையெழுத்து போடாத எந்த மாட்யூலையும் உள்ள விடாது. உங்க மெஷின்ல இப்ப கம்பைலான மாட்யூலுக்கு கையெழுத்து இல்ல, அதான் கதவ சாத்திடுச்சு. மாட்ப்ரோப் போட்டு விபாக்ஸ்டிஆர்விய கையால ஏத்தி பாருங்க, கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்னு வந்தா பிரச்சனை இதேதான். மோக்யூடில் கமாண்டுக்கு எஸ்பி ஸ்டேட் ஆப்ஷன் குடுத்தா செக்யூர் பூட் ஆன்ல இருக்கான்னு சொல்லிடும்.

சரி பண்றதுக்கு முதல்ல பில்ட் எசென்ஷியல், டிகேஎம்எஸ், லினக்ஸ் ஹெட்டர்ஸ் ஜெனரிக் மூணும் ஆப்ட்ல போட்டுக்கோங்க. ஹெட்டர்ஸ்ல (மாட்யூல் கம்பைல் பண்ண தேவையான கெர்னல் ஃபைல்கள்) இப்ப ஓடுற கெர்னல் நம்பர் போட்ட பேக்கேஜ மட்டும் போடாதீங்க, ஜெனரிக்னு முடியறத போட்டாதான் அடுத்த கெர்னல் அப்டேட்டுக்கும் ஹெட்டர் கூடவே வரும், ஹெச்டபிள்யூஇ கெர்னல்ல (உபுண்டு தர்ற புது வெர்ஷன் கெர்னல்) இருந்தீங்கன்னா ஹெச்டபிள்யூஇ பேர்ல இருக்கற ஹெட்டர்ஸ். இத விட்டுட்டுதான் நிறைய பேரு போன வாரம் ஓடுச்சு இன்னிக்கி ஓடலன்னு வந்து நிக்கறாங்க.

அப்புறம் உபுண்டுவுலயே அப்டேட் செக்யூர்பூட் பாலிசின்னு ஒரு கமாண்டு இருக்கு, அதுக்கு நியூ கீ ஆப்ஷன் குடுத்தா ஒரு சாவி ஜோடி உருவாக்கும், அடுத்து என்ரோல் கீ ஆப்ஷன் குடுத்தா ஒரு பாஸ்வேர்டு கேக்கும். இந்த பாஸ்வேர்டு உங்க லாகின் பாஸ்வேர்டு இல்ல, அடுத்த ரீபூட்ல ஒரே ஒரு தடவை கேக்கறதுக்கு. அங்க கீபோர்டு அமெரிக்க லேஅவுட்ல இருக்கும்ங்கறதால ஸ்பெஷல் கேரக்டர் எதுவும் இல்லாம சாதாரண எழுத்தும் நம்பருமா வெச்சுக்கோங்க.

ரீபூட் பண்ணும்போது கவனமா ஸ்கிரீனயே பாருங்க. உபுண்டு லோகோ வர்றதுக்கு முன்னாடி பளீர்னு நீல நிறத்துல ஒரு ஸ்கிரீன் வரும், ஏதாவது ஒரு கீய அழுத்துன்னு சொல்லி பத்துல இருந்து எண்ணிக்கிட்டே இறங்கும். அதுக்குள்ள அழுத்தலன்னா அது பாட்டுக்கு பூட் ஆகிடும், நீங்க மறுபடி முதல்ல இருந்து என்ரோல் பண்ணணும். அழுத்தினா மெனு வரும், என்ரோல் மோக் (மோக்னா நீங்க உருவாக்கின அந்த சாவி) போய், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். உள்ள வந்ததும் விபாக்ஸ்கான்ஃபிக் ஒரு தடவை ஓட்டுங்க, இந்த தடவை தானா கையெழுத்து போட்டு ஏத்திடும்.

உண்மைய முழுசா சொல்லிடறேன், இந்த சாவியோட ரகசிய பாதி உங்க டிஸ்க்லயேதான் இருக்கும், ரூட் ஆக்சஸ் கிடைச்ச ஒருத்தன் அத எடுத்து அவன் மாட்யூலுக்கும் கையெழுத்து போட முடியும். அதனால இது இரும்புக்கோட்டை இல்ல. ஆனாலும் செக்யூர் பூட்ட மொத்தமா அணைக்கறத விட இது ரொம்ப மேல், பூட்லோடர மாத்தி வெக்கற வேலையாவது நடக்காது.

புதுவழி

அடுக்குமொழி, ரொம்ப நன்றி, எதுக்கு எதை செய்யறோம்னு இப்பதான் புரியுது. நீல ஸ்கிரீன் வந்துது, என்ரோல் ஆச்சு, விபாக்ஸ்கான்ஃபிக் எந்த எரரும் இல்லாம முடிஞ்சுது. ஆனா இப்ப ஸ்டார்ட் குடுத்தா வேற எரர் வருது, விடி எக்ஸ (பிராசஸர்ல வர்ச்சுவல் மெஷினுக்குன்னு இருக்கற வசதி) வேற ஒரு ஹைப்பர்வைசர் (வர்ச்சுவல் மெஷின ஓட்டுற சாஃப்ட்வேர்) யூஸ் பண்ணிக்கிட்டிருக்குன்னு சொல்லுது, கடைசில விஎம்எக்ஸ் ரூட் மோட்னு முடியுது. நான் வேற எந்த ஹைப்பர்வைசரும் போடவே இல்லையே? யூநேம் கமாண்டுல கெர்னல் 6.14னு காட்டுது.

மின்மினிப்பெட்டி

6.14ன்னு சொன்னதுலயே பதில் இருக்குங்க. கேவிஎம் நீங்க தனியா போட தேவையே இல்ல, அது லினக்ஸ் கெர்னலோட சேர்ந்தே வருது, 2007ல வந்த 2.6.20 கெர்னல்ல இருந்தே உள்ள இருக்கு. முன்னாடி எல்லாம் கேவிஎம் மாட்யூல் லோட் ஆனாலும் சும்மா உக்காந்திருக்கும், யாராவது ஒரு மெஷின ஸ்டார்ட் பண்ணாதான் பிராசஸரோட விடி எக்ஸ கையில எடுக்கும். 6.12 கெர்னல்ல இந்த பழக்கத்த மாத்திட்டாங்க, மாட்யூல் லோட் ஆன உடனேயே எடுத்து வெச்சுக்குது. அதனால வர்ச்சுவல்பாக்ஸ் வந்து கேக்கும்போது ஆள் இருக்குன்னு வருது. ஏஎம்டி பிராசஸர்ல இதே பிரச்சனை எஸ்விஎம் இன் யூஸ்னு வேற பேர்ல வரும்.

டெஸ்ட் பண்றதுக்கு வர்ச்சுவல்பாக்ஸ மூடிட்டு சூடோ போட்டு ஆர்எம்மாட் கேவிஎம் அண்டர்ஸ்கோர் இன்டெல். உடனே ஸ்டார்ட் ஆகும், ஆனா ரீபூட் பண்ணா போயிடும். நிரந்தரமா வேணும்னா ஈடிசி டிஃபால்ட் ஃபோல்டர்ல இருக்கற கிரப் ஃபைல திறந்து கெர்னல் கமாண்ட் லைன்ல கேவிஎம், புள்ளி, எனேபிள் விர்ட் அட் லோட் ஈக்வல்டு 0ன்னு சேருங்க, அந்த நாலு வார்த்தைக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர் வரணும், ஸ்பேஸ் இல்ல. சேவ் பண்ணிட்டு அப்டேட் கிரப், ரீபூட். கேவிஎம்ம பிளாக்லிஸ்ட் பண்ண சொல்றவங்களும் இருக்காங்க, அது வேண்டாம், பின்னாடி கேவிஎம் தேவைப்படும்போது ஏன் வேலை செய்யலன்னு மண்டைய பிச்சுக்குவீங்க.

ஆலமரத்தடி

புதுவழி தம்பி, ரெண்டு பேரும் சொன்னது சரியான வைத்தியம், ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. முதல்ல மாட்யூல் சைன் பண்ணீங்க, இப்ப கெர்னல்ல ஏற்கனவே இருக்கற ஹைப்பர்வைசர அடக்கி வெக்க பூட் ஆப்ஷன் போடப்போறீங்க, நாளைக்கு கெர்னல் புதுசா வந்து அதுக்கு வர்ச்சுவல்பாக்ஸ் வெர்ஷன் தயாரா இல்லன்னா கம்பைல் ஃபெயில் ஆகும். வீட்டுக்குள்ளயே கிணறு இருக்கும்போது ஊர்க்கோடில போய் தண்ணி இறைக்கற மாதிரி இருக்கு. கேவிஎம் மாட்யூல் உபுண்டு கெர்னலோட கையெழுத்து போட்டே வருது, செக்யூர் பூட் அதப்பத்தி ஒரு கேள்வியும் கேக்காது, கெர்னல் அப்டேட் ஆனா அதுவும் கூடவே அப்டேட் ஆகும். தினமும் லினக்ஸ்லயே இருக்கறவங்களுக்கு நான் கேவிஎம் பக்கம்தான் கைகாட்டுவேன்.

போட வேண்டிய பேக்கேஜ்: க்யூஎமு சிஸ்டம் எக்ஸ்86, லிப்விர்ட் டீமன் சிஸ்டம், லிப்விர்ட் கிளையன்ட்ஸ், விர்ட் மேனேஜர், ஓவிஎம்எஃப், எஸ்டபிள்யூடிபிஎம். இதுல க்யூஎமுதான் போலி ஹார்டுவேர காட்டுறது, கேவிஎம் அதுக்கு பிராசஸர் வேகத்த குடுக்கறது, லிப்விர்ட் ரெண்டையும் நிர்வாகம் பண்றது, விர்ட் மேனேஜர் நீங்க மவுஸ்ல தட்டுற விண்டோ. கடைசி ரெண்டும் விண்டோஸ் 11க்காக, அது யூஇஎஃப்ஐ (பயாஸோட புது வடிவம்) செக்யூர் பூட்டும் டிபிஎம் 2.0வும் (பாதுகாப்பு சாவி வெக்கற சிப்) இல்லாம இன்ஸ்டால் ஆக மாட்டேன்னு சொல்லும், ஓவிஎம்எஃப் யூஇஎஃப்ஐய குடுக்கும், எஸ்டபிள்யூடிபிஎம் சாஃப்ட்வேர்லயே ஒரு டிபிஎம் சிப் மாதிரி நடிக்கும். அப்புறம் உங்க யூசர லிப்விர்ட், கேவிஎம் ரெண்டு குரூப்லயும் சேர்த்துட்டு லாக் அவுட் பண்ணி உள்ள வாங்க. டெர்மினல மூடி திறந்தா போதாது, குரூப் மாறினது லாகின்லதான் ஏறும்.

மெஷின் கிரியேட் பண்ணும்போது கடைசி பக்கத்துல இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி கான்ஃபிகரேஷன மாத்துன்னு ஒரு டிக் இருக்கும், அத மறக்காம போடுங்க. உள்ள போய் ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ, சிப்செட் க்யூ35, டிபிஎம் வெர்ஷன் 2.0, சிபியு ஹோஸ்ட் பாஸ்த்ரூ. ராம் 16ல இருந்து 6 குடுங்க, 8க்கு மேல போகாதீங்க, ஹோஸ்ட், அதாவது உங்க உபுண்டு, மூச்சு திணறினா உள்ள இருக்கற விண்டோஸும் சேர்ந்துதான் திணறும். டிஸ்க் 64 ஜிபிக்கு குறையாம போடணும், அது விண்டோஸ் 11 கேக்கற குறைந்தபட்சம். பயப்படாதீங்க, க்யூகவ்2 ஃபார்மட்ல போட்டா முதல்லயே 64ம் பிடிக்காது, உள்ள எழுத எழுததான் வளரும்.

இப்ப எல்லாரும் தடுமாறுற இடம். டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் விர்ட்ஐஓ (வர்ச்சுவல் மெஷினுக்குன்னே செஞ்ச போலி டிவைஸ்) வெச்சா வேகம் நல்லா இருக்கும், ஆனா விண்டோஸுக்கு விர்ட்ஐஓன்னா என்னன்னே தெரியாது. இன்ஸ்டாலர் டிஸ்க் எங்க போடணும்னு கேக்கற பக்கத்துக்கு வந்ததும் லிஸ்ட் வெறுமையா இருக்கும், ஒரு டிரைவும் காட்டாது. மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க. ஃபெடோரா ஆளுங்க வெளியிடுற விர்ட்ஐஓ வின் ஐஎஸ்ஓவ முன்னாடியே டவுன்லோட் பண்ணி ரெண்டாவது சிடிராமா மாட்டி வெச்சிருங்க. அந்த பக்கத்துல லோட் டிரைவர் தட்டி, அந்த சிடில விஐஓஸ்டோர் ஃபோல்டர், அதுக்குள்ள டபிள்யூ11, அதுக்குள்ள ஏஎம்டி64. இன்டெல் பிராசஸரா இருந்தாலும் ஏஎம்டி64தான், அது 64 பிட்டுக்கு வெச்ச பேரு. தட்டின உடனே வெறும் லிஸ்ட்ல டிஸ்க் வந்து உக்காரும். அதே மூச்சுல நெட்கேவிஎம் ஃபோல்டர்ல இருக்கற டிரைவரையும் ஏத்திடுங்க, இல்லன்னா விண்டோஸ் 11 செட்டப் இன்டர்நெட் இல்லன்னு அங்கயே நிக்கும்.

ஐஎஸ்ஓ ஃபைல ஹோம்ல டவுன்லோட்ஸ்லயே வெச்சு பெர்மிஷன் டினைடு வந்தா, லிப்விர்ட் ஓடுற யூசருக்கு உங்க ஹோம் ஃபோல்டருக்குள்ள நுழைய அனுமதி இல்லன்னு அர்த்தம். வார், லிப், லிப்விர்ட், இமேஜஸ் ஃபோல்டருக்கு நகர்த்திடுங்க. ஹோம் ஃபோல்டருக்கு 777 குடுக்கறதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

கடகடவண்டி

அண்ணே, கேவிஎம் வேகமா இருக்கும்னு ஒத்துக்கறேன், ஆனா அவருக்கு யூஎஸ்பிதான் முக்கியம்னு சொல்றாரு. வர்ச்சுவல்பாக்ஸ்ல யூஎஸ்பி ஃபில்டர் போட்டு விட்டா கருவிய எத்தனை தடவை கழட்டி மாட்டினாலும் தானா உள்ள போயிடும், யூசர விபாக்ஸ்யூசர்ஸ் குரூப்ல சேர்த்தா போதும். 7.0ல இருந்து யூஎஸ்பி 2, 3 ரெண்டுக்கும் எக்ஸ்டென்ஷன் பேக் கூட தேவையில்ல. விர்ட் மேனேஜர்ல ஒவ்வொரு தடவையும் ஆட் ஹார்டுவேர் போய் சேக்கணும்.

ஆலமரத்தடி

ஃபில்டர் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், வர்ச்சுவல்பாக்ஸ்ல அது சுலபம். ஆனா விர்ட் மேனேஜர்ல ஆட் ஹார்டுவேர் மட்டுமே வழியில்ல. மெஷின் ஸ்பைஸ் டிஸ்ப்ளேல (மெஷினோட ஸ்கிரீன காட்டுற ஒரு முறை) ஓடுச்சுன்னா வர்ச்சுவல் மெஷின் மெனுவுல ரீடைரக்ட் யூஎஸ்பி டிவைஸ்னு இருக்கு, ஓடிக்கிட்டிருக்கும்போதே டிக் போட்டா உள்ள போகும், எடுத்தா வெளிய வரும். பிரிஃபரன்சஸ்ல கன்சோல் பக்கத்துல மாட்டின உடனே தானா ரீடைரக்ட் பண்ற ஆப்ஷனும் இருக்கு.

புதுவழி

ஆலமரத்தடி அண்ணே சொன்ன மாதிரியே கேவிஎம் போட்டுட்டேன், வர்ச்சுவல்பாக்ஸ எடுத்துட்டேன். அந்த வெறும் லிஸ்ட் வந்தப்ப நீங்க முன்னாடியே சொல்லி வெச்சதால பதறல, விஐஓஸ்டோர் ஏத்தினதும் டிஸ்க் வந்துடுச்சு. விண்டோஸ் ஓடுது, நெட் வருது, வேகம் நான் நினைச்சத விட நல்லாவே இருக்கு.

ரெண்டு விஷயம் மட்டும் பாக்கி. ஒண்ணு, ஸ்கிரீன் சின்னதாவே இருக்கு, விண்டோவ பெருசாக்கினாலும் கூட பெருசாகல, காப்பி பேஸ்ட்டும் உள்ளயும் வெளியவும் போகல. ரெண்டாவதுதான் பெரிய கவலை, ஆட் ஹார்டுவேர்ல கருவிய சேர்த்தேன், சாஃப்ட்வேர் அழகா கண்டுபிடிச்சுது, மதிப்பெல்லாம் காட்டுது, ஆனா புது செட்டிங்ஸ எழுதுன்னு குடுத்த உடனே கருவி காணாம போயிடுது, சாஃப்ட்வேர் கனெக்ஷன் லாஸ்ட்னு சொல்லி நின்னுடுது. கருவிய கெடுத்துட்டோமோன்னு பயமா இருக்கு.

மின்மினிப்பெட்டி

பயப்பட வேண்டாங்க, இது நிறைய கருவில நடக்கறது. எழுதுற வேலை ஆரம்பிக்கும்போது கருவி தன்னைத்தானே ரீசெட் பண்ணிக்கிட்டு பூட்லோடர் மோடுக்கு போகும், அப்ப யூஎஸ்பில ஒரு தடவை கழண்டு மறுபடி மாட்டின மாதிரி ஆகும், சில கருவி அந்த நேரத்துல வேற ஐடியோட வரும். நீங்க ஆட் ஹார்டுவேர்ல சேர்த்தது பழைய ஐடியதான், புதுசா வந்தவன லிப்விர்ட்டுக்கு யாருன்னே தெரியாது, அவன் ஹோஸ்ட் பக்கமே நின்னுட்டான். விண்டோஸ் பாவம் உள்ள காத்துக்கிட்டே இருக்கும்.

உறுதி பண்ணிக்கறதுக்கு ஹோஸ்ட்ல ஒரு டெர்மினல் திறந்து கெர்னல் மெசேஜ காட்டுற டிமெஸ்ஜ ஃபாலோ ஆப்ஷனோட ஓட விடுங்க, அப்புறம் விண்டோஸ்ல எழுதுன்னு குடுங்க. யூஎஸ்பி டிஸ்கனெக்ட்னு ஒரு வரி வந்து, அடுத்த நொடியே நியூ யூஎஸ்பி டிவைஸ்னு இன்னொரு வரி வரும், அதுல ஐடிவெண்டார் ஐடிபிராடக்ட்னு இருக்கறத எழுதறதுக்கு முன்னாடி எல்எஸ்யூஎஸ்பி கமாண்டு காட்டினதோட ஒப்பிட்டு பாருங்க, கடைசி நாலு எழுத்து மாறியிருந்தா நான் சொன்னதேதான்.

அதுக்கு வழி, ஆட் ஹார்டுவேர்ல சேர்த்தத எடுத்துடுங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ண ஒண்ணு இழுக்கும். அண்ணன் சொன்ன ஆட்டோ ரீடைரக்ட ஆன் பண்ணிட்டு, எழுதி முடிக்கற வரைக்கும் அந்த மெஷின் விண்டோவ முன்னாடியே வெச்சிருங்க, வேற விண்டோவுக்கு தாவாதீங்க, ஃபோகஸ் அந்த விண்டோல இருக்கும்போது புதுசா மாட்டறதுதான் தானா உள்ள போகும். முதல் தடவை பழைய ஐடிய மெனுல கையால டிக் போட்டு உள்ள அனுப்புங்க, ரீசெட் ஆகி வர்றத அது தானா பிடிச்சுக்கும்.

ஸ்கிரீனுக்கு, அதே விர்ட்ஐஓ சிடில கெஸ்ட் டூல்ஸ்னு ஒரு இன்ஸ்டாலர் இருக்கு, அத விண்டோஸுக்குள்ள ஓட்டினா டிஸ்ப்ளே டிரைவரும் ஸ்பைஸ் ஏஜென்ட்டும் சேர்ந்து வரும், காப்பி பேஸ்ட் அந்த ஏஜென்ட் வழியாதான். அப்புறம் வியூ மெனுல ஆட்டோ ரீசைஸ் டிக்.

அடுக்குமொழி

இதோட ஒண்ணு சேத்துக்கறேன். இனிமே செட்டிங்ஸ் எழுதறதுக்கு முன்னாடி பழைய செட்டிங்ஸ அந்த சாஃப்ட்வேர்லயே ஒரு ஃபைலா சேவ் பண்ணி ஹோஸ்ட்டுக்கு எடுத்து வெச்சுக்கோங்க. மெஷினுக்கு ஸ்னாப்ஷாட் எடுத்தா கருவியும் பழைய நிலைக்கு வந்துடும்னு சிலர் நினைக்கறாங்க, ஸ்னாப்ஷாட் விண்டோஸ மட்டும்தான் பின்னாடி கொண்டு போகும், வெளிய இருக்கற கருவிக்குள்ள எழுதினது எழுதினதுதான். அதே மாதிரி எழுதிக்கிட்டிருக்கும்போது மெஷின பாதில நிறுத்தி வெக்கறது, லேப்டாப்ப மூடறது ரெண்டும் கூடாது, பவர் செட்டிங்ஸ்ல சஸ்பெண்ட ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிங்க.

புதுவழி

மின்மினிப்பெட்டி, அப்படியே இருந்துது! டிமெஸ்ஜ்ல டிஸ்கனெக்ட் வந்து உடனே புது வரி வந்துது, பிராடக்ட் ஐடில கடைசி எழுத்து ரெண்டும் மாறியிருக்கு. ஆட் ஹார்டுவேர்ல இருந்தத எடுத்துட்டு ஆட்டோ ரீடைரக்ட் போட்டேன், பழைய செட்டிங்ஸ ஃபைலா எடுத்து வெளிய வெச்சுட்டுதான் எழுதினேன், இந்த தடவை கனெக்ஷன் போகல, கடைசி வரைக்கும் போய் வெரிஃபைடுன்னு வந்துடுச்சு. கெஸ்ட் டூல்ஸ் போட்டதும் ஸ்கிரீன் முழுசா விரிஞ்சுது, காப்பி பேஸ்ட்டும் போகுது. நாலு பேருக்கும் மனசார நன்றி.

ஒரே ஒரு சின்ன சந்தேகம், க்யூகவ்2 ஃபைல் இப்பவே 40 ஜிபி ஆகிடுச்சு, விண்டோஸ்ல 10 ஜிபிக்கு மேல அழிச்சும் ஃபைல் சைஸ் குறையல, அது அப்படித்தானா?

ஆலமரத்தடி

தானா குறையாது தம்பி. மெஷின ஆஃப் பண்ணிட்டு டிஸ்க்கோட டீடெயில்ஸ்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறந்து டிஸ்கார்டு மோட அன்மேப்னு வைங்க. அப்புறம் விண்டோஸ்ல டிஃபிராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் திறந்து சி டிரைவுக்கு ஆப்டிமைஸ் குடுங்க, அது டிரிம், அதாவது எந்த இடம் காலின்னு சொல்ற தகவல், அனுப்பும், அழிச்ச இடமெல்லாம் ஹோஸ்ட்டுக்கு திரும்ப வரும். குறைஞ்சுதான்னு பாக்கறதுக்கு எல்எஸ் காட்டுற சைஸ நம்பாதீங்க, டியூ கமாண்டு இல்லன்னா க்யூஎமு ஐஎம்ஜி இன்ஃபோல டிஸ்க் சைஸ்னு வர்றத பாருங்க, உண்மையா டிஸ்க்ல பிடிக்கறது அதுதான்.